ரவா தோசைக்கு நேரமாகும்

கற்பக விலாஸில் என்ன சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், எதைச் சாப்பிடக் கூடாது என்றுதான் நான் முதலில் சொல்வேன். சாம்பார் வடை வேண்டாம். நேற்று விற்காத வடைக்குச் சாம்பாரைவிட நல்ல மறைவிடம் கிடையாது. பூரி பரவாயில்லை, ஆனால் அதன் நிறத்தைப் பார்த்து எண்ணெயின் வயதை நீங்களே கணித்துக்கொள்ள வேண்டும். தேங்காய்ச் சட்னியைக் கூட்டம் சேர்வதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கூட்டம் ஏற ஏறத் தேங்காய் ஏறாது, தண்ணீர்தான் ஏறும். அந்தக் கடையில் நம்பிச் சொல்லக்கூடியது ரவா தோசை ஒன்றுதான். அதை முன்கூட்டியே சுட்டு வைக்க முடியாது. வைத்தால் துவண்டுபோய்க் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் சொன்ன பிறகுதான் மாவைக் கல்லில் விசிறுவார்கள். நேரமாகும், காத்திருக்கத்தான் வேண்டும்.

சிராங்கூன் சாலையில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற கடை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாத, மதியச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாத நேரத்தில் போனால் உட்கார இடம் கிடைக்காது. கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள், தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிய கூடையோடு வந்தவர்கள், சினிமாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கேதான். பரிமாறுகிற முத்துசாமி அண்ணன் எனக்காகத் தூண் ஓரத்து மேசையை மட்டும் எப்படியோ காப்பாற்றி வைப்பார். ஏன் எனக்கு மட்டும் வைக்கிறார் என்று கொஞ்ச நாள் அவரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஆட்களைப் பற்றியும் எனக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு. ஒருவன் என்ன கொண்டுவரச் சொல்கிறான் என்று பார்த்தால் அவன் எவ்வளவு நேரம் உட்காரப் போகிறான் என்று தெரிந்துவிடும். வடையும் காப்பியும் சொல்கிறவன் எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாராக இருக்கிறவன். ரவா தோசை சொல்கிறவன் இருப்பதற்காகவே வந்தவன். என் அக்கா ரத்தினம்மாவிடம் இதைச் சொன்னால், “உனக்கு சந்தேகப் பேய் பிடிச்சிருக்குடா” என்பாள். அந்த வருடம் பிடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. நான் ஆற்றங்கரையில் ஒரு தனியார் கிடங்கில் குமாஸ்தா. கிடங்கு ஆட்களின் சங்கத்துக்கு அப்துல் கையூம் தலைவர், நான் செயலாளர். சம்பளப் பேச்சு முறிந்து வேலைநிறுத்தம் வரும் போலிருந்தது. அந்த நேரத்தில் மப்டியில் வந்த இரண்டு பேர் கையூமைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த கையூம் என்னைத் தனியாக அழைத்தார்.

“பாலா, உன்னைப் பத்தியும் கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை நீ எங்க சாப்பிடுறன்னுகூடத் தெரிஞ்சு வச்சிருக்காங்க லா. பாத்து இரு.”

எனக்குப் பயமாக இருந்தது. பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் பாதிதான். மீதிப் பயம் சந்திரமதியைப் பற்றியது.

சந்திரமதி பள்ளிக்கூட ஆசிரியை. அந்த வருடம் தமிழர் திருநாள் பட்டிமன்றம் ஒன்றில் எனக்கு எதிரணியில் பேசினாள். தொழிலாளிக்கு முதலில் வேண்டியது சங்கமா, கல்வியா என்பது தலைப்பு. நான் சங்கத்துக்காக மேசையைத் தட்டித் தட்டிப் பேசினேன். அவள் குரலை உயர்த்தாமல் எழுந்து நின்று, என் வாதத்தை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து ஓரத்தில் வைத்தாள். நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கூட்டம் கலைந்தபோது என் பக்கம் வந்து, “நல்லாத்தான் பேசினீங்க. நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கு ராத்திரியே அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா ஆள்மேல் ஆள் வைத்துத் தொடர்பு பிடித்தாள். அவர்கள் செம்பவாங் கப்பல் தளத்துக் குடியிருப்பில் இருந்தார்கள். அப்பா சுப்பிரமணியம் தளத்தில் ஸ்டோர் கீப்பர். அவரை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் நடுவில் இருந்தவர் மூலம்தான். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று செய்தி வந்திருந்தது.

“வெள்ளைக்காரன்கிட்ட வேலை பாக்குற குடும்பம்டா. போலீஸ் கீலீஸ்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா முடிஞ்சுது. இந்த ஒரு மாசம் சும்மா இரு” என்றாள் அக்கா.

சும்மா இருக்கத்தான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஆள் வந்தார்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி, ஒரு மேகம்கூட இல்லாத நாளில் கையில் குடை. எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். வடையும் காப்பியும் சொன்னார். சொன்ன கையோடு காசையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. சாப்பிடுவதற்கு முன்பே காசை எடுத்து வைக்கிறவன் எதற்கு வைக்கிறான்? நான் எழுந்தால் அவரும் எழுந்து பின்னால் வருவதற்குத்தானே?

வடையை இரண்டு கடி கடித்தார். மீதியை அப்படியே வைத்துவிட்டார். பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பவே இல்லை. நான் இலையை மடிப்பதையும், கை கழுவுவதையும், முத்துசாமி அண்ணனிடம் பேசுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதே குடை, அதே வடை, அதே பாதி. சோதித்துப் பார்ப்பதற்காக நான் மேசையை மாற்றிச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், அங்கே காற்று வரவில்லை என்று சொல்லிக்கொண்டு அவரும் மேசை மாறினார். சுவரோரத்தில் என்ன காற்று? நான் வேண்டுமென்றே ரவா தோசை சொல்லி, அது வந்த பிறகும் ஓட்டை ஓட்டையாகப் பிய்த்துத் தின்றேன். காப்பி ஆறி ஆடை கட்டிப்போன பிறகும் அவர் அசையவில்லை.

கை கழுவுகிற இடத்தில் முத்துசாமி அண்ணனைப் பிடித்தேன்.

“அண்ணே, அந்தக் குடைக்காரர் யாரு?”

“தெரியலை தம்பி, புதுசு. ஆனா உங்களைப் பத்தித்தான் கேட்டாரு.”

“என்ன கேட்டாரு?”

“எங்க வேலை, யார்கூட வருவாரு, கூட்டாளிங்க யாரு, வேற எங்கயும் போவாரான்னு. நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு எதுக்கு வம்பு?”

இதற்கு மேல் என்ன வேண்டும்? கையூம் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு விசாரணை, ஒரே ஒரு நாள் காவல் போதும், செம்பவாங்கிலிருந்து வந்த சாதகம் செம்பவாங்குக்கே திரும்பிப் போய்விடும். படுத்துக்கொண்டு யோசித்ததில் எனக்கு ஒரு வழி தோன்றியது. ரகசியப் போலீஸுக்கு எந்த மாதிரி ஆள்மேல் அக்கறை இருக்காது? குதிரைமேல் காசு கட்டுகிறவன்மேல். சாயங்காலமானால் கள்ளுக்கடைக்குப் போகிறவன்மேல். அவனால் நாட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நுழையும்போதே முத்துசாமி அண்ணனை ஓரம் கட்டினேன்.

“இன்னைக்கும் கேட்டா நான் சொல்ற மாதிரி சொல்லுங்க. பாலகிருஷ்ணன் குதிரைப் பைத்தியம், புக்கிட் தீமா பந்தய மைதானமே கதின்னு கிடப்பான். பொழுது சாஞ்சா கள்ளு. சங்கம் கிங்கம்னா என்னன்னே தெரியாது. இவ்வளவுதான்.”

“உங்களுக்கா? நீங்க காப்பிக்கே சர்க்கரை பாத்துப் போடச் சொல்ற ஆளு. எதுக்கு தம்பி இதெல்லாம்?”

“சொல்லுங்கண்ணே. என் உயிரே இதுலதான் இருக்கு.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். நானும் என் பங்குக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குதிரைப் பந்தயத் தாளை வாங்கி வந்திருந்தேன். அதை மேசைமேல் அகல விரித்து, பென்சிலால் பார்த்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டேன். பக்கத்து மேசைக்காரரிடம், போன சனிக்கிழமை ஒரு குதிரை என்னைக் கவிழ்த்துவிட்டது என்று கடை முழுக்கக் கேட்கும்படி அலுத்துக்கொண்டேன். எந்தக் குதிரை என்று அவர் ஆவலோடு கேட்டார். “பேரைச் சொன்னா வயிறு எரியும் லா” என்று சமாளித்தேன்.

குடைக்காரர் முத்துசாமி அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். அண்ணன் என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார். நான் தாளுக்கு மேலாகப் பார்த்தேன். பெரியவர் முகம் தெளிந்தது. பத்திரிகையை மடித்து வைத்தார். முதல் தடவையாக இட்லி சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. மேசையைத் தட்டி ஊருக்கெல்லாம் சங்கம் சொன்னவன், சங்கம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்ல வைத்திருக்கிறேன். கையூம் கேட்டால் என்ன நினைப்பார்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் தப்பித்தோம் என்கிற சந்தோஷத்தில் இன்னொரு காப்பி குடித்தேன்.

அந்த வாரமே அக்கா என் அறைக்கு ஓடி வந்தாள். பாதி சிரிப்பு, பாதி அழுகை.

“டேய், எப்பலேருந்துடா உனக்குக் குதிரை?”

“என்ன குதிரை?”

“பெண்ணோட அப்பா அந்தக் கடைக்கே வந்து உக்காந்து உன்னை விசாரிச்சிருக்காரு. சாப்பிடுற இடத்துல பாத்தாத்தான் ஒருத்தன் குணம் தெரியுமாம். குடையெல்லாம் வச்சிக்கிட்டு, உனக்கு எதிர்லயே உக்காந்திருந்தாராமே!”

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அப்ப வேணாம்னு சொல்லிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“அதான்டா கூத்து. அவருக்கு முழுச் சம்மதம். நீ சங்கத்துல இருக்கன்னு யாரோ சொல்லிக் கேட்டு அதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தாராம். குதிரையும் கள்ளும் கல்யாணம் ஆனா ஒரு வருஷத்துல தெளிஞ்சிடும், சங்கம் பிடிச்சா தெளியாதுன்னு சொன்னாராம். அந்தப் பொண்ணுதான் முடியாதுங்குது. மேடையில அப்படிப் பேசிட்டு, கீழ இறங்கிக் குதிரைத் தாளைத் தூக்கிட்டு அலையுற ஆளு வேணாமாம். அதை உன் முகத்துக்கு நேராவே சொல்லணுமாம். வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவும் பொண்ணும் கடைக்கு வர்றாங்க.”

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நல்லாக் கேளு. அங்க வந்து வாயைத் திறக்காதே. குதிரையை விட்டுட்டேன்னு மட்டும் சொல்லு, மத்ததைப் பெரியவர் பாத்துக்குவாரு. சங்கம்னு ஒரு சொல்லு உன் வாயில வந்தா, நம்ம பக்கம் இருக்கிற அவரும் எழுந்து போயிடுவாரு.”

கற்பக விலாஸில் பெண்கள் உட்காருவதற்கென்று பின்பக்கம் ஒரு குடும்ப அறை உண்டு. இடுப்புக்கு மேல் ஒரு பலகைக் கதவு, ஒரு மேசை, நாலு நாற்காலி. நானும் அக்காவும் போனபோது அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். குடை நாற்காலியின் முதுகில் தொங்கியது. சுப்பிரமணியம் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “வாங்க தம்பி” என்றார். கொஞ்சம் குனிந்து, “நேத்து எது ஜெயிச்சுது?” என்று காதோடு கேட்டார். அவர் சும்மா கேட்ட மாதிரி தெரியவில்லை. அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

சந்திரமதி கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். கீழே வைக்கவில்லை.

முத்துசாமி அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “என்ன சாப்பிடுறீங்க?” என்றார்.

“எனக்குக் காப்பி மட்டும்” என்றாள் அவள்.

என் கணக்கு எனக்கே எமனாக வந்தது. அவள் வடைகூடச் சொல்லவில்லை. பெரியவர் எல்லோருக்கும் சேர்த்து இட்லி சொன்னார். முத்துசாமி அண்ணன் போன பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மேடையில, கூலி வாங்குற கை ஒண்ணா சேரணும்னு சொன்னீங்க. உங்களை எதிர்த்துப் பேசினாலும், வீட்டுக்குப் போற வழியெல்லாம் நான் அதைத்தான் நினைச்சுக்கிட்டுப் போனேன். அது நிஜமா, இல்ல கைதட்டலுக்காகப் பேசினதா?”

“அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? இளவயசுல மேடையில எல்லாரும்தான் பேசுவாங்க” என்றார் பெரியவர் அவசரமாக. அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

சும்மா இருந்தால் அப்பா என் பக்கம், பேசினால் அவரும் போய்விடுவார். ஆனால் கேட்டவள் அப்பா இல்லை. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு குதிரையை விட்டுவிட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பிடிக்காத குதிரையை எப்படி விடுவது?

“நிஜம்தான்” என்றேன். “எனக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. கள்ளு வாசனை வந்தாலே எனக்குத் தலைவலி. நான் கிடங்கு சங்கத்துல செயலாளர். வர்ற வாரம் வேலைநிறுத்தம் ஆரம்பிக்கலாம். எங்க தலைவரைப் போலீஸ் விசாரிச்சாங்க. அடுத்து நான்தான்னு இருந்தேன். உங்க அப்பாவை மாத்தா, ரகசியப் போலீஸ்னு நினைச்சு, முத்துசாமி அண்ணனை அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர் முகத்தில் ரத்தம் ஏறியது.

“என்னையா? முப்பது வருஷம் ஸ்டோர்ல ஆணி எண்ணுற என்னைப் பாத்தா மாத்தா மாதிரியா இருக்கு?”

“நீங்க வடையைப் பாதியில வச்சீங்க” என்றேன். “பாதியில வைக்கிற ஆளு எழுந்து போகத் தயாரா இருக்கிற ஆளு.”

“எனக்குப் பல் வலி ஐயா!”

“முன்னாடியே காசை எடுத்து வச்சீங்க.”

“இந்தக் கடையில மீதிச் சில்லறை வாங்குறதுக்குள்ள பஸ் போயிடும்!”

சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சத்தம் வெளியே வந்தது. அவ்வளவு நிதானமாகப் பேசுகிறவள் அப்படிச் சிரிப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. பெரியவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

“வாம்மா. வேலைநிறுத்தம் பண்ற வீட்டுக்குப் பொண்ணு குடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை என்னாகும்? போவோம்.”

அந்த நேரம் பார்த்து முத்துசாமி அண்ணன் காப்பியும் இட்லியுமாக உள்ளே வந்தார். நின்றுகொண்டிருக்கும் பெரியவரையும், குனிந்திருக்கும் என்னையும் பார்த்துவிட்டுத் தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

“அண்ணே, எனக்கு ஒரு ரவா தோசை.”

“ரவாவா? நேரமாகும்மா. ஞாயித்துக்கிழமை கூட்டம், கல்லு ஒண்ணுதான் இருக்கு.”

“ஆகட்டும். நான் எங்கயும் போகலை.”

என் கணக்கு அவளுக்குத் தெரியாது. அவளுக்கு உண்மையாகவே பசியாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் நான் குனிந்த தலையை நிமிர்த்தினேன். முத்துசாமி அண்ணன் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, “ஒரு ரவா!” என்று சமையற்கட்டுக்குக் குரல் கொடுத்தார். அந்தக் குரலில் அவருக்கும் ஏதோ புரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

“அப்பா, உக்காருங்க. இட்லி ஆறிடும். இதை மெல்லக்கூட வேணாம்.”

பெரியவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு குடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். இட்லித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“எனக்குக் காப்பி மட்டும் போதும்” என்றார்.

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இன்னும் எழுந்து போகத் தயாராகத்தான் இருக்கிறார். இருக்கட்டும். ரவா தோசை வருவதற்கு நேரமாகும். நான் என் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் கிடங்கில் என்ன நடக்கிறது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். இந்தத் தடவை நடுநடுவே மூச்சு விட்டுத்தான் பேசினேன்.